வெட்டாமல் நாற்பது வினாடி

எங்கள் வீட்டுக்காரம்மா தோக்சுன் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கீழ்வீட்டில் அவரும் மகள் மிரானும், மாடியறையில் வாடகைக்கு நான். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் வாயில் விழாமல் நான் பஸ் ஏறியதில்லை.

“என்னடி யுன்ரே, இன்னிக்கு எந்தப் பொய்யைத் தைக்கப் போறே?” என்பார், வாசலில் உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கியபடியே. சந்தையில் அவருக்குக் கிம்ச்சி ஊறுகாய்க் கடை.

நான் தையல்காரி இல்லை. சியோலில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில், செய்திப் பிரிவில் எடிட்டர். கேமராக்காரர்கள் கொண்டுவரும் டேப்பில் வேண்டியதை எடுத்து ஒட்டுவேன், வேண்டாததை விட்டுவிடுவேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வது நானில்லை. தினமும் மதியம் அரசாங்க மேலிடத்திலிருந்து போன் வரும். எங்கள் தலைவர் பியோ எழுந்து நின்றுகொண்டு கேட்பார், ஒரு தாளில் எழுதிக்கொள்வார். அந்தத் தாள் நேராக என் மேசைக்கு வரும். ஊர்வலம், காட்ட வேண்டாம். கண்ணீர்ப்புகை, அந்தச் சொல்லே வேண்டாம். அதிபர் மரக்கன்று நட்டது, முதல் செய்தி, இரண்டு நிமிடம் பத்து வினாடி.

ஒன்பது மணிக்கு ‘டிங்’ என்று மணி அடிக்கும். அதற்கடுத்த வார்த்தை அதிபரின் பெயர். ஊரே அதற்கு ‘மணி மகராசா செய்தி’ என்று பெயர் வைத்துவிட்டது. போன வருடத்திலிருந்து, அந்தச் செய்தியைப் பார்ப்பதில்லை என்று வீட்டுக்கு வீடு கதவில் ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். தோக்சுன் அக்கா ஒரு படி மேலே போய், டிவியையே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, அதன் மேல் நான்கு ஜாடியை ஏற்றிவிட்டார். என் கண்ணில் படும்படியாகத்தான்.

எனக்குச் சுருக்கென்று தைக்காமலா இருக்கும்? தைக்கும். ஆனால் திருப்பிச் சொல்ல என்ன இருக்கிறது? அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எரிச்சலே.

அது எண்பத்தேழு ஏப்ரல். செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போன மிரான் வீடு திரும்பவில்லை.

அன்று கல்லூரி வாசலில் மாணவர்கள் கூடினார்கள், போலீஸ் புகைக்குண்டு போட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். மேற்கொண்டு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. புதன்கிழமை தோக்சுன் அக்கா கடையைப் பூட்டிவிட்டு மூன்று ஸ்டேஷன் ஏறி இறங்கினார். மூன்றிலும் ஒரே பதில், அப்படி யாரும் இங்கே இல்லை. மூன்றாவது இடத்தில், ஆற்றோர ஸ்டேஷனில், மேசையில் இருந்தவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னாராம், “வயசுப் பொண்ணு. எவன்கூடயாவது போயிருக்கும். ரெண்டு நாள் கழிச்சு வயித்தத் தள்ளிக்கிட்டு வரும்.”

அதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. முள்ளங்கியை மட்டும் நறுக்கிக்கொண்டே இருந்தார். கடையே பூட்டிக் கிடக்கிறது, யாருக்காக நறுக்குகிறார்?

“பிடிச்சோம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் யுன்ரே. நான் அடிக்க மாட்டேன், கத்த மாட்டேன். வக்கீலக் கூட்டிக்கிட்டுப் போவேன், சோறு கொண்டுபோவேன். பிடிக்கவே இல்லைன்னு சாதிக்கிறானுங்களே, அதான்டி பயமா இருக்கு.”

சனவரியில் விசாரணை அறைக்குள் போன ஒரு மாணவன் பிணமாகத்தான் வெளியே வந்தான். பெயர் எழுதாமல் உள்ளே வைத்திருக்கும் ஆளுக்கு என்ன ஆனாலும் கேட்பாரில்லை. மிரானைப் பிடித்தோம் என்று அவர்கள் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவும் சீக்கிரம்.

வியாழக்கிழமை மதியம் வழக்கம்போல் போன் வந்தது. பியோ எழுந்து நின்றார், எழுதினார், தாள் என்னிடம் வந்தது. இரண்டு நாளாகக் கண்ணில் காட்டக் கூடாது என்றிருந்த செவ்வாய்க்கிழமை டேப்பை இன்றைக்குக் காட்டச் சொல்லியிருந்தார்கள். ‘மாணவர் கல்லெறிதல். நாற்பது வினாடிக்குக் குறையாமல். நடுவில் வெட்டாமல்.’

வெட்டாமலா? என் ஏழு வருடச் சர்வீசில் அப்படி ஓர் உத்தரவு வந்ததே இல்லை. கேமராக்காரர் பொம்சுதான் விஷயத்தைச் சொன்னார். “போன வாரம் நாம காட்டுனது துண்டு துண்டா வெட்டி ஒட்டுனதுன்னு வெளிநாட்டுக்காரங்க எழுதிட்டாங்களாம். மேல ஒரே காட்டுக்கத்தல். அதான் இந்தத் தடவ முழுசா வேணுமாம்.” அவர் கேமராவில் நிலையத்தின் பெயரைக் கறுப்பு டேப்பால் மூடியிருந்தார். பெயரைப் பார்த்தால் மாணவர்கள் முதலில் அவர் மேல்தான் எறிவார்கள்.

அவர் எடுத்த டேப்பைப் போட்டேன். நாற்பது வினாடி வெட்டில்லாமல் ஓடும் கல்லெறி அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வலது பக்கம் பையன்கள் எறிகிறார்கள். புகை. இருபத்தேழாவது வினாடியில் இடது ஓரத்தில், மருந்துக்கடைப் பலகைக்குக் கீழே, வெள்ளை ஹெல்மெட்டும் ஜீன்ஸ் சட்டையும் போட்ட மூன்று மஃப்டி போலீஸ்காரர்கள் ஒரு பெண்ணை இழுத்து வந்தார்கள். புகை எரிக்காமலிருக்க அவள் கண்ணுக்குக் கீழே பற்பசை தடவியிருந்தாள். தலையைத் திருப்பினாள்.

மிரான்.

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இருபத்தேழில் இழுக்கிறார்கள். முப்பத்து மூன்றில் முகம். முப்பத்தெட்டில் சாம்பல் நிற வேனுக்குள் தள்ளுகிறார்கள். நாற்பத்தொன்றில் வேன் நகர்ந்து நம்பர் தெரிகிறது, 3817.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் டேப்பை வெளியே கொண்டுபோக முடியாது. வாசலில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். செய்தி முடிந்த கையோடு மூல டேப்பைக் காந்தத்தில் வைத்து அழித்துவிடுவார்கள், அதற்கென்றே ஓர் ஆள் மேலிடத்திலிருந்து வந்து உட்கார்ந்திருப்பார். இது வெளியே போக ஒரே வழிதான் இருந்தது, ஒன்பது மணிச் செய்தி. அந்த வழியை அவர்களே திறந்துவிட்டிருந்தார்கள், எழுத்து மூலமாக.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் செய்தியை எவரும் பார்ப்பதில்லை.

ஐந்து மணிக்கு அக்காவுக்கு போன் போட்டேன். நிலையத்து லைனில் யார் காது வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. “அக்கா, இன்னிக்கு ஒன்பது மணிக்கு எங்க நியூஸப் பாருங்க,” என்றேன்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார். “ஏண்டி, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? எம் பொண்ணக் காணோம்னு நான் துடிச்சிக்கிட்டு இருக்கேன். உன் மகராசா மரம் நடுறத நான் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கணுமா?” டொக்கென்று வைத்துவிட்டார்.

சாப்பாட்டு இடைவேளை ஆறு மணிக்கு. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், ஓடும் குழாய்ச் சத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியாது. நின்றபடியே என் தோளைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது.

“உசுரோட இருக்காளா?”

“வேன்ல ஏத்துன வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. ஒருத்தனக் கடிச்சுக்கூட வெச்சா.”

“என் புள்ளடி அவ,” என்றார். அப்போதுதான் அழுதார். பிறகு ஏப்ரன் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பொய்யா இருந்தா உன்ன முள்ளங்கியோட சேத்து நறுக்கிடுவேன்,” என்றார்.

“அக்கா, நீங்க மட்டும் பாத்தா போதாது. பெத்தவ கண்ணுக்கு எல்லாப் பொண்ணும் தன் பொண்ணாத் தெரியும்னு சொல்லிடுவானுங்க. சந்தையே பாக்கணும். இடது ஓரத்தப் பாக்கச் சொல்லுங்க. கல்லப் பாக்காதீங்க, ஓரத்தப் பாருங்க. பியூட்டி பார்லர்க்கார ஹ்வாங் அம்மாகிட்ட வீடியோ டெக் இருக்குல்ல, பதிவு பண்ணச் சொல்லுங்க. காலையில நேரா ஆத்தோர ஸ்டேஷன், காலேஜ் வாசல் அவங்க எல்லைதான். அங்கதான அவன் பல்லக் குத்துனான்?”

“ஹ்வாங் வீட்டுலயும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே! நான்தான்டி ஒட்டுனேன். போய் மணி மகராசா நியூஸப் போடுன்னு சொன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சின்னு நினைப்பா.”

“நினைக்கட்டும்.”

நான் திரும்ப பஸ்ஸுக்கு ஓடும்போது அவர் ரப்பர் பூட்ஸ் சத்தம் சந்தைப் பக்கம் தடதடவென்று போவது கேட்டது.

எட்டு மணிக்கு பியோ என் அறைக்கு வந்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், சட்டைப்பையில் வயிற்று மாத்திரை. பியோவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். எங்கள் நிலையத்தில் யாரும் படத்துக்காகத் திட்டு வாங்கியதில்லை. அதிபருக்கு மூன்று வினாடி குறைந்தது, இன்னொருவருக்கு இரண்டு வினாடி கூடியது, திட்டெல்லாம் அதற்குத்தான். அதனால் அவர் டேப்பைச் சரிபார்க்கும்போது திரையைப் பார்க்கவே மாட்டார், முள்ளைத்தான் பார்ப்பார். அவர் மட்டுமா? நாங்கள் எல்லோருமே அப்படிப் பழகிப்போனவர்கள்தான்.

“யுன்ரே, அதிபர் நியூஸ் பதினஞ்சு வினாடி நீண்டுடுச்சு. கல்லெறிய முப்பதுல நிறுத்து.”

முப்பதில் நிறுத்தினால் முகம் போய்விடும். வேன் போய்விடும். சந்தை முழுக்க உட்கார்ந்து கல்லைப் பார்த்துவிட்டு எழுந்து போகும். தோக்சுன் அக்கா என்ன ஆவார்?

“முடியாது சார்,” என்றேன். நான் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே கிடையாது.

“என்னது?”

தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். “நாற்பது வினாடிக்குக் குறையாம. உங்க கையெழுத்து சார். முப்பதா போட்டா நாளைக்கு போன் எனக்கு வராது. உங்களுக்குத்தான் வரும்.”

தாளைப் படித்தார். மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். “அப்போ எதை வெட்டறது?”

“செர்ரிப்பூ நியூஸ வெட்டுங்க சார். பூ யாருக்கும் போன் பண்ணாது.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பூவை வெட்டினார். பிறகு ஸ்டாப்வாட்சை அமுக்கி, “ஓட்டு,” என்றார். ஓட்டினேன். இருபத்தேழு. முப்பத்து மூன்று. மிரான் எங்கள் இருவர் முன்னாலும் தலையைத் திருப்பினாள், கத்தினாள். பியோ முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாற்பத்தாறு. வெட்டு இல்ல. சரி,” என்று கையெழுத்துப் போட்டார்.

டிங். அதிபரின் பெயர். மரக்கன்று, மண்வெட்டி, கைதட்டல். அதன் பிறகு அறிவிப்பாளர் கண்டிப்பான குரலில், நாட்டின் அமைதியைக் கெடுக்கும் தீவிரவாத மாணவர்கள் என்று வாசிக்க, நாற்பத்தாறு வினாடியும் அப்படியே போனது. போய்விட்டது. யாராலும் திருப்பி அழைக்க முடியாது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது, வீட்டு டிவிப் பெட்டிகள் படத்தின் ஓரத்தில் ஒரு விரற்கடையை விழுங்கிவிடும். என் எடிட்டிங் திரையில் தெரிந்ததெல்லாம் பார்லர் டிவியில் தெரிந்ததா? ஹ்வாங் அம்மாவின் எண்ணைச் சுழற்றினேன், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று. எங்கேஜ்ட். மறுபடியும் எங்கேஜ்ட். எனக்குக் காலைச் செய்திவரை ஷிஃப்ட். சபித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், என்னைத்தான்.

காலை எட்டரைக்கு ஆற்றோர ஸ்டேஷன் வாசலிலேயே எனக்கு மீன்வாடை அடித்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் இடமே இல்லை. முப்பது நாற்பது பெண்கள், சந்தையிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவர்கள், ஏப்ரனும் ரப்பர் பூட்ஸுமாகத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கருவாட்டுக்காரி, டோஃபுக்காரி, தலையில் முடி சுருட்டும் உருளைகளைக் கழற்றாமலே வந்த ஹ்வாங் அம்மா. அவர் மடியில் துணி சுற்றிய ஒரு வீடியோ கேசட்.

மேசைக்கு முன்னால் தோக்சுன் அக்கா நின்றிருந்தார். நான் கடைசி வரிசையில் தூணோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

“எத்தன தடவம்மா சொல்றது? உங்க பொண்ணு இங்க இல்ல,” என்றார் மேசைக்காரர்.

“இல்லைன்னா இல்லாமப் போகட்டுங்க ஐயா. நேத்து ஒன்பது மணி நியூஸ் பாத்தீங்களா?” அக்காவின் குரலில் இத்தனை மரியாதையை நான் கேட்டதே இல்லை.

பார்க்கவில்லை என்று ஒரு போலீஸ்காரர் சொல்ல முடியுமா? “பாத்தேன். அதுக்கென்ன?”

“கல்லு எறிஞ்சாங்களே. அது உண்மையா, பொய்யா?”

“உண்மைதான். வெட்டாம முழுசாக் காட்டுனாங்களே.”

“அந்தக் கல்லுக்கு இந்தாண்ட, மருந்துக்கடை போர்டுக்குக் கீழ, எம் பொண்ண மூணு பேர் இழுத்து வேன்ல ஏத்துறாங்களே. அது உண்மையா, பொய்யா?”

கையிலிருந்த பல்குத்தும் குச்சியை அவர் கீழே வைத்தார்.

“நாங்க அத்தன பேரும் பாத்தோம்!” என்று தரையிலிருந்து கருவாட்டுக்காரி கத்தினாள். “எட்டு தடவ ஓட்டிப் பாத்தோம்!”

“பொய்யின்னா பொய்யின்னு சொல்லிடுங்க ஐயா,” என்றார் அக்கா, அதே மரியாதையோடு. “ஒரு பேப்பர எடுத்து, அரசாங்க நியூஸ்ல பொய்யக் காட்டுறாங்கன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் குடுங்க. நாங்க சத்தமில்லாம எழுந்து போயிடறோம்.”

மேசைக்காரர் பேனாவைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

“வண்டி நம்பர் எட்டு ஒண்ணு ஏழு. முதல் நம்பர டிவி தின்னுடுச்சு,” என்றார் ஹ்வாங் அம்மா கேசட்டைத் தட்டியபடி. “உங்க பின்வாசல்ல நிக்குதே சாம்பல் வேன், அதுல பாத்துச் சொல்லுங்க, எழுதிக்கிறோம்.”

மேசைக்காரர் எழுந்து உள்ளே போனார். போன் சுழற்றும் சத்தம் கேட்டது. அவரைவிடப் பெரியவர் ஒருவர் வந்து மிரட்டிப் பார்த்தார். யாரும் எழவில்லை. டோஃபுக்காரி மூட்டையைப் பிரித்து எல்லோருக்கும் சோற்றுருண்டை கொடுக்க ஆரம்பித்தாள், மேசைக்காரருக்கும் ஒன்று. மறுபடி போன். பதினோரு மணிக்குப் பெரியவர் திரும்ப வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், “விசாரணைக்காக வெச்சிருக்கோம். பத்து நிமிஷம் பாக்கலாம். வக்கீல் வரலாம்,” என்றார். பிறகு பதிவேட்டைத் திறந்து தேதியும் மிரானின் பெயரும் எழுதினார். அக்கா எட்டி நின்று ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார், சரியாக எழுதுகிறாரா என்று.

மிரானை வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது, கொஞ்சம் நொண்டினாள். நடந்துதான் வந்தாள்.

“அம்மா, கடை திறக்கலியா?” என்றாள், கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து.

“கடை கெடக்குதுடி கழுத!” என்று அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். தரையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், சிரித்தார்கள், போலீஸ்காரரைத் திட்டினார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நானும் தேம்பினேன். ஏழு வருடத்தில் என் வேலையை நினைத்து நான் வெட்கப்படாத முதல் நாள் அது. மதியம் பியோவுக்குப் போன் வரும், அவர் எழுந்து நின்று, உங்கள் உத்தரவுப்படிதான் சார், வெட்டவே இல்லை சார் என்பார். அதைத் தப்பு என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது. அதற்குப் பிறகும் என்னைத் தோண்டித் துருவி வேலையை விட்டுத் தூக்கலாம்தான். தூக்கட்டும், அதுவரைக்கும் இருக்கிறேனே.

தோக்சுன் அக்காவால் ரகசியம் காக்க முடியாது. பத்து நிமிடம் முடிந்து திரும்பியவர், யாரிடமோ என்னைக் காட்டிக் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். நல்ல வேளை, மேசைக்காரரின் கவனமெல்லாம் சோற்றுருண்டையில் இருந்தது.

நான் வெளியே நழுவினேன். படியிறங்குவதற்குள் யாரோ என் சட்டைக் கையைப் பிடித்தார்கள். சந்தைக்காரி இல்லை, முன்பின் பார்த்திராத அம்மாள். கையில் பையன் போடும் ஸ்வெட்டர் ஒன்று, மடித்தபடி.

“நீங்கதான் அந்த டேப்பெல்லாம் பாக்குறவங்களாம்மா?” என்றாள். “என் பையனும் செவ்வாக்கிழமை அங்கதான் போனான். எல்லா ஸ்டேஷன்லயும் இல்லங்கிறாங்க.”

பொம்சுவின் செவ்வாய்க்கிழமை டேப்பை நேற்றே அழித்திருப்பார்கள். ஆனால் அன்று அங்கே போனது பொம்சு மட்டுமில்லை. இன்னும் இரண்டு கேமரா போனது. அந்த டேப்புகளை இதுவரை யாரும் கேட்கவில்லை. அவை அலமாரியில்தான் இருக்கின்றன.

சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகு அந்த அம்மாளைப் படியோரமாக உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

“அழாதீங்கம்மா. பேரு அப்புறம் சொல்லுங்க,” என்றேன். “அன்னிக்கு என்ன கலர் சட்ட போட்டிருந்தான்?”